முத்திரை விழாத கிறிஸ்துமஸ்

மனித குல வரலாற்றில் பேரரசர்களும் புரட்சிக்காரர்களும் முயன்று தோற்ற ஒரு காரியத்தை, மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் கூடுகிற எங்கள் சின்னஞ்சிறு சபையின் கமிட்டி, இரண்டு சுற்றுத் தேநீருக்குள் செய்து முடித்தது என்பதைச் சகலருக்கும் இதன் மூலம் அறிவித்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் ரத்து செய்யப்பட்டது. ஒருவர் முன்மொழிந்தார். ஒருவர் வழிமொழிந்தார். நானும் இன்னொருவரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கையைத் தூக்கினோம். ஐந்தாமவரான பல் டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவர் தலை முன்னால் சாய்ந்ததால் அதுவும் சம்மதமாகவே கொள்ளப்பட்டது. ஓட்டுரிமை இல்லாத பாஸ்டர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்மொழிந்தவர் எங்கள் செயலாளர். எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி இறங்கி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது, இல்லாவிட்டால் பறிமுதல் செய்வது என்று வாழ்நாளைக் கழித்தவர். ஊர் அவருக்கு வைத்த பெயரும் முத்திரைதான். உத்தியோகம் முடிந்தும் கை சும்மா இருக்காது. ரொட்டிக் கடையில் ரொட்டியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். பிறந்த குழந்தையைக் கையில் கொடுத்தாலும் அதே ஏற்றி இறக்கல். பிறகு ஒரு எண்ணைச் சொல்வார். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தால் அதே எண் இருக்கும். தாய்மார்கள் ஆச்சரியப்படுவார்கள், குழந்தை அழும்.

இப்படிப்பட்ட மனிதர் கையில் இன்டர்நெட் இருக்கிற போன் போய்ச் சேர்ந்ததுதான் விபரீதம். மூன்று காணொளிகள் பார்த்தார். அதில் ஒன்று பாதியிலேயே நின்றுவிட்டது. மிச்சத்தை அவரே ஊகித்துக்கொண்டு கமிட்டிக்கு வந்தார்.

"பாஸ்டர், டிசம்பர் இருபத்தஞ்சு யாரோட பண்டிகை தெரியுமா?"

"யாரோடதுங்க ஐயா?"

"சூரியனோடது. ரோமாபுரிக்காரன் சூரியனைக் கும்பிட்ட நாள் அது. நம்ம ஆளுங்க அதுமேல நம்ம பேரை ஒட்டிட்டாங்க. ஓட்டை எடைக்கல்லுக்குப் புதுசா பெயிண்ட் அடிக்கிற மாதிரி."

"சிலர் அப்படிச் சொல்றாங்க. அப்படியில்லன்னு சொல்ற அறிஞர்களும் இருக்காங்களே."

"சந்தேகம் வந்தாச்சுன்னா முத்திரை கிடையாது. எங்க துறையில அதான் சட்டம்."

பிறகு ஒவ்வொரு சாமானாக மேஜைமேல் எடுத்து வைக்காத குறையாகச் சோதித்தார். மரம்: காட்டுவாசிகள் கும்பிட்டது, தேறவில்லை. மெழுகுவத்தி: இருட்டுக்குப் பயந்தவர்கள் ஏற்றியது, தேறவில்லை. பச்சை இலைத் தோரணம் தேறவில்லை. நட்சத்திரம் வேதத்திலேயே இருக்கிறதே என்று நான் மெல்லச் சொன்னேன். அதைப் பார்த்துக் கிளம்பி வந்தவர்கள் யார், சோதிடர்கள்தானே என்றார். நட்சத்திரமும் போயிற்று. பல் டாக்டர் கண்ணைத் திறந்து, "கேக்குமா?" என்று கேட்டார்.

"கேக்கும்தான்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கேக்கினால் பிழைக்கிறவர், அவருக்கு அது இரட்டை நஷ்டம்.

இதில் விசேஷம் என்னவென்றால், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பாஸ்டர் கடவுளில் மகிழ்வது பற்றிப் பேசியிருந்தார். மனிதர் உரக்கப் பேச மாட்டார், கையை வீச மாட்டார். "நமக்குக் கடவுள்கிட்ட கேக்கத் தெரியும், பயப்படத் தெரியும், நேரம் நல்லா இருந்தா நன்றி சொல்லவும் தெரியும். அவரைப் பார்த்து சந்தோஷப்பட மட்டும் தெரியல. பிரியமானவங்க வீட்டுக்கு வந்தா உடனே மனுவை எடுத்து நீட்டுவோமா? சும்மா பக்கத்துல உக்காந்து முகத்தைப் பார்த்துக்கிட்டு இருப்போம். போகும்போது, அதுக்குள்ளயான்னு கேப்போம். அவ்வளவுதான் விஷயம்." இதைக் கேட்டு எனக்குத் தொண்டையை என்னவோ செய்தது. ஆனால் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன், அதனாலும் இருக்கலாம். கூட்டம் முடிந்ததும் முத்திரை பாஸ்டரிடம் போய் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பிரசங்கம் ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு, சந்தோஷத்துக்கு ஒரு அளவு வேண்டும்.

ரத்தான செய்தியை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ரப்பர் முத்திரையும் குத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். அங்கே அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். சபையில் எல்லோருக்கும் அவர் அக்கா. பழைய துணியைப் பிரித்து அளவு கூட்டிக் குறைத்துத் தருகிற வேலை. அன்று அவர் தைத்துக்கொண்டிருந்தது மட்டும் புதுத் துணி. ஒரு சின்ன கவுன்.

இனி வருவதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்கா என் வீட்டம்மாவிடம் சொன்னது. என் வீட்டம்மாவிடம் சொன்னால் எனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

"இந்த வருஷம் கிறிஸ்துமஸ் இல்ல. தீர்மானம் போட்டாச்சு," என்றார் முத்திரை.

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. "என் தம்பி?"

"அவனுக்கும்தான் இல்ல."

மெஷின் நின்றது.

அக்காவின் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது லிஃப்ட் மெக்கானிக். அதற்கு முன்னால் சந்தை முனையில் காய்கறிக் கடை வைத்திருந்தான். ஒருநாள் ஆய்வுக்கு வந்த முத்திரை அந்தக் கடையிலும் ஏறினார். "வாங்க மாமா, உக்காருங்க மாமா," என்று மச்சான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். மாமா உட்காராமல் பெட்டியைத் திறந்து சோதனைக் கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். தராசு தப்பு. இதில் வேடிக்கை, வாங்குகிறவருக்குக் கூடுதலாகப் போகிற தப்பு. கிலோவுக்குக் கொஞ்சம் காய் இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது, கடைக்காரனுக்கே தெரியாமல். "அதான் வியாபாரம் நல்லா ஓடுதுன்னு நினைச்சேன் மாமா," என்று அவன் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. தப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தப்புதான் என்று சொல்லி, சந்தையே பார்த்துக்கொண்டிருக்க, மனைவியின் தம்பியுடைய தராசைப் பறிமுதல் செய்து தோளில் தூக்கிக்கொண்டு போனார். அதிகமாகக் கொடுத்ததற்காகப் பிடிபட்ட ஒரே வியாபாரி என்று சந்தை அவனைப் போகும்போதும் வரும்போதும் கேலி செய்தது. அவன் கடையை மூடிவிட்டு, யாரும் பார்க்க முடியாத லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்யப் போய்விட்டான். அவன் மனைவி அன்றோடு நாத்தனார் வீட்டுப் படி ஏறுவதை விட்டாள்.

ஆனால் அவன் மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவான். மற்ற நாட்களில் சபைப் பக்கமே எட்டிப் பார்க்காதவன், அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாய் நிறையப் பாடுவான். அக்கா வீட்டில் சாப்பிடுவான். அக்கா கண்ணாலே பார்க்காத தம்பி மகளுக்கு உத்தேச அளவில் தைத்து வைத்த கவுனை வாங்கிக்கொள்வான். "வர்றேன் மாமா," என்பான். "ம்," என்பார் மாமா. அவர்களுக்குள் வருஷத்துப் பேச்சு அவ்வளவுதான். அந்த ஒரு நாளை வைத்துத்தான் அக்கா மிச்ச நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைத்தான் கமிட்டி இரண்டு சுற்றுத் தேநீருக்குள் ரத்து செய்திருந்தது.

"வேற ஒரு நாள் வரச் சொல்லு," என்றார் முத்திரை.

"வேற நாள் கூப்பிட்டா எதுக்குன்னு கேப்பான். என்ன சொல்றது? அன்னைக்குன்னா யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க."

"தேதியோட பூர்வீகம் சரியில்ல. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ரத்து பண்ணினீங்க, நீங்களே போன் போட்டு அவன்கிட்ட சொல்லுங்க. என் வாயால நான் சொல்ல மாட்டேன்." கவுனை மடித்து மெஷின்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

முத்திரை அஞ்சுகிறவர் இல்லை. எத்தனையோ கடைக்காரர்களின் சாபத்தைக் காதில் வாங்கிக்கொண்டே ரசீது எழுதியவர். போனை எடுத்தார்.

"மாமா?" மறுமுனையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. லிஃப்ட் குழிக்குள் இருந்திருக்கிறான். "மாமா, நீங்களா? என்ன ஆச்சு? அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா."

"உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணும் இல்லப்பா."

"அப்புறம் நீங்க எதுக்கு மாமா கூப்பிடறீங்க?"

"அது வந்து… இருபத்தஞ்சாம் தேதி விஷயமா…"

ஏதோ ஒரு ஸ்பேனர் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது.

"மாமா, நீங்களே கூப்பிடுவீங்கன்னு சத்தியமா நான் நினைக்கல," என்றான் அவன். குரல் உடைந்திருந்தது. "இத்தனை வருஷமா அக்கா கூப்பிட்டாத்தான் வருவேன். நீங்க வாயைத் திறந்து வான்னு சொன்னதே இல்ல. அதான் இவ வர மாட்டேன்னு நிக்கிறா. இனிமே என்ன பேசுவா? மாமாவே போன் பண்ணிட்டாருடின்னு சொல்லிக் கூட்டிட்டு வர்றேன். பாப்பாவையும் கூட்டிட்டு வர்றேன்."

"இல்லப்பா, நான் சொல்ல வந்தது…"

"ஒண்ணும் சொல்ல வேணாம் மாமா. அந்தத் தராசு விஷயம் நான் எப்பவோ மறந்தாச்சு. வெச்சிடறேன், மேல லிஃப்ட்டுக்குள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டு ரொம்ப நேரமா கத்திக்கிட்டு இருக்காரு."

முத்திரை போனைக் கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

"என்ன சொன்னான்?"

"வர்றானாம்."

"ரத்துன்னு சொன்னீங்களா இல்லையா?"

"பேச விட்டாத்தானே? குடும்பத்தோட வர்றானாம்."

அக்கா உள்ளே வந்தார். கவுனைத் திரும்ப எடுத்து விரித்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார். அன்றைக்கு அது ஓடிய வேகத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி விசாரித்தாராம்.

தான் ரத்து செய்த பண்டிகைக்குத் தானே ஆளை அழைத்துவிட்ட இக்கட்டில், முத்திரை மறுநாள் காலை பாஸ்டரைப் பார்க்கப் போனார். ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, புத்தகங்களுக்கு நடுவே காய்கிற துணி. அவ்வளவுதான் பாஸ்டர் வீட்டு முன்னறை. தேநீர் வந்தது. தீர்மானத்தை மாற்றச் சட்டத்தில் இடம் உண்டா என்று முத்திரை சுற்றி வளைத்துக் கேட்டார்.

"அதுக்குக் கமிட்டி கூடணும். கூட்டிக்கலாம்," என்றார் பாஸ்டர். "அதை விடுங்க ஐயா. உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஒரு எடைக்கல் சரியா தப்பான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

அவ்வளவுதான். மனிதரின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கையில் இல்லாத கல்லைப் பிடித்துக் காட்டினார்.

"கல்லோட அடியில ஒரு குழி இருக்கும் பாஸ்டர். அதுல ஈயம் ஊத்தியிருக்கும். எடை குறைஞ்சா ஈயம் சேர்ப்போம், கூடினா சுரண்டுவோம். அந்த ஈயத்து மேலதான் முத்திரை குத்தறது. அப்பதான் எவனும் கை வைக்க முடியாது. தேய்ஞ்சுபோன கல்லைக்கூட எறிய மாட்டோம். சரி பண்ணித் திரும்ப முத்திரை போட்டுக் குடுப்போம்."

"இரும்பு நல்ல இரும்பான்னு பார்ப்பீங்களா?"

"இரும்பு எங்கேர்ந்து வந்தா நமக்கென்ன? பழைய தண்டவாளத்தை உருக்கியும் வார்ப்பான், உடைஞ்ச பீரங்கியை உருக்கியும் வார்ப்பான். சின்னக் கல்லெல்லாம் பித்தளை. அது எந்தக் கோயில் விளக்கா இருந்ததோ யாருக்குத் தெரியும்? அந்தப் பூர்வீகமெல்லாம் நான் எதுக்குப் பார்க்கணும்? தட்டுல வெச்சா இப்ப எடை நிக்குதா? நின்னா…"

நின்றுவிட்டார். எடை அல்ல, அவர்.

பாஸ்டர், "நின்னா?" என்றார்.

முத்திரை நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். தேநீரில் ஆடை படிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் வர்றேன் பாஸ்டர்," என்று எழுந்து போய்விட்டார்.

பாஸ்டரின் ஞானத்தைப் பற்றி அந்த வாரம் சபை முழுக்கப் பேச்சாயிருந்தது. ஒரே கேள்வியில் ஆளைத் திருப்பிவிட்டார், உவமையாலேயே அடித்துவிட்டார் என்று பல் டாக்டர்கூட விழித்திருந்து சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தனியாகப் பார்த்தபோது பாராட்டினேன்.

"உவமையா?" என்று விழித்தார் பாஸ்டர். "இல்லண்ணே. வீட்டுல புதுசா எடை பார்க்கிற மெஷின் வாங்கியிருக்காங்க. நான் ஏறினா நாலு கிலோ கூடக் காட்டுது. மெஷின்தான் தப்பா இருக்கணும். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னுதான் கேட்டேன். அவர் சொல்லி முடிக்காமலே போயிட்டாரு."

கமிட்டி கூடியது. தோற்றேன் என்று சொல்லத் தெரியாத ஒரு ஆய்வாளரின் மொழியில் புதுத் தீர்மானம் வந்தது: முந்தைய ரத்து மேலதிக ஆய்வுக்காக ஒத்திவைக்கப்படுகிறது, பண்டிகை முத்திரையின்றித் தற்காலிகமாக அனுமதிக்கப்படுகிறது, மரம், தோரணம், மெழுகுவத்தி, நட்சத்திரம் ஆகியவை தொடர்ந்து நிலுவையில் இருக்கும்.

"கேக்?" என்றார் டாக்டர்.

முத்திரை வெகுநேரம் யோசித்தார். "தற்காலிகமாக."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் மாடி, வெள்ளையடித்த மறுநாள் வீடு மாதிரி இருந்தது. வழக்கமாக நட்சத்திரம் தொங்குகிற இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கீழ்க் கடைக்காரர் வருஷாவருஷம் இரவல் தருகிற பிளாஸ்டிக் மரத்தை, யாரும் கேட்கவில்லையே என்று ஒரு சோபாவோடு சேர்த்து விற்றுவிட்டார். அக்கா வாசலுக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தார். படிக்கட்டில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தார், யாரோ வந்தார்கள், உட்கார்ந்தார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டும் முடியப் போனது. அக்கா எழுவதை நிறுத்திவிட்டார். முத்திரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் தூசியே இல்லை.

அப்புறம் வந்தார்கள். முதலில் அவன், அவனுக்குப் பின்னால் அவன் மனைவி, அவள் இடுப்பில் போன வருஷத்துக் கவுனுக்குள் முழங்கை வரை தொலைந்துபோன ஒரு சின்னப் பெண். அக்கா உத்தேசத்தில் தைத்தது உத்தேசமாகவே இருந்தது.

"பஸ்ஸு லேட்டு அண்ணி," என்றாள் தம்பி மனைவி, பல வருஷத்துக்குமாகச் சேர்த்து.

"பரவால்லம்மா. உக்காரு," என்றார் அக்கா. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. பாஸ்டர் அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னது எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் அந்த நாற்காலியைக் காட்டுவேன்.

மச்சான் கடைசி வரிசைக்குப் போகாமல் மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஸ்டாரு எங்க?"

"தேறல."

"ஏன்?"

"பூர்வீகம் சரியில்ல. பழைய சாமி கும்பிடறவங்க சரக்கு."

அவன் ஆணியைப் பார்த்தான். "பூர்வீகம் பார்த்தா நம்ம ரெண்டு பேரையும் வாசலோட அனுப்பியிருக்கணும் மாமா. நம்ம முப்பாட்டன் எதைக் கும்பிட்டானோ! ஆனா உள்ள விட்டுட்டாங்க பாருங்க."

"பாட்டு ஆரம்பிச்சாச்சு. பாடு," என்றார் முத்திரை.

பாடினான். அவன் பாட்டில் சுருதி ஒரு தெருவிலும் அவன் இன்னொரு தெருவிலும் போவார்கள். ஆனால் வாயைத் திறந்தால் முகமெல்லாம் சிரிப்பு, யாரோ நெடுநாள் கழித்து வந்து எதிரில் நிற்பதுபோல. வருஷம் முழுக்கச் சுருதியோடு பாடும் நாங்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்கள்போல்தான் பாடுவோம். முத்திரை முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவர் உதடு அசைந்தது. அன்றைய பிரசங்கம் எவ்வளவு நேரம் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கடிகாரம் பார்க்கிற மனிதர் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து கேக் வெட்டியபோது குழந்தையை அவர் கையில் கொடுத்தார்கள். வழக்கப்படி ஏற்றி இறக்கினார். எண்ணுக்காக எல்லோரும் காத்திருந்தோம். அவர் இன்னொரு முறை ஏற்றி இறக்கினார், குழந்தை சிரித்தது. மறுபடியும் ஏற்றினார். எண் வரவே இல்லை.

பாஸ்டர் அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்போல், ஒரு துணிப்பையிலிருந்து எடை மெஷினை எடுத்துத் தரையில் வைத்தார். அக்காவை அனுப்பி வீட்டிலிருந்து, ஓய்வுக்குப் பின் முத்திரை சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்த சோதனைக் கற்களின் பெட்டி வரவழைக்கப்பட்டது. முத்திரையும் மச்சானும் வேட்டியையும் பேன்ட்டையும் பார்க்காமல் எதிரெதிரே தரையில் உட்கார்ந்தார்கள். அந்தக் காய்கறிக் கடைக்குப் பிறகு ஒரு தராசுக்கு முன்னால் இருவரும் சேர்ந்து குனிந்தது அன்றுதான்.

"பார்த்து வை மாப்ள. நடுவுல வை."

"நான் தராசு பார்க்காத ஆளா மாமா? நகருங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

"உன் தராசு லட்சணம்தான் தெரியுமே."

"கூடத்தானே குடுத்தேன்? குறைச்சா குடுத்தேன்?"

முத்திரை கையிலிருந்த கல்லை மெஷின்மேல் வைத்தார். "கூடத்தான் குடுத்த," என்றார்.

ஒவ்வொரு கல்லாக ஏற்றினார்கள், இறக்கினார்கள், கன்னம் தரையில் படுகிறபடி முள்ளைப் பார்த்தார்கள். சுற்றிலும் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் முத்திரை எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

மெஷின் சரியாக இருந்தது, பாஸ்டர்தான் நான்கு கிலோ அதிகம்.